பிடித்த பாடத்தைப் படிப்பதா, வேலை தரும் பாடத்தைப் படிப்பதா?

வரலாற்றில் ஈடுபாடு இருக்கிறது, வீட்டிலோ புள்ளியியல் படிக்கச் சொல்கிறார்கள், எதில் சேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தயக்கத்தோடு நின்று, கடைசியில் புள்ளியியலில் சேர்ந்தவன் நான்.

எது அதிகம் பிடிக்கும் என்று மனத்தைக் குடைவதைவிட, எதைக் கல்லூரிக்கு வெளியே கற்க முடியாது என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவத்தில் பட்டமின்றித் தொழில் செய்ய முடியாது. வேதியியலுக்கு ஆய்வகம் வேண்டும். புள்ளியியலைத் தனியாகப் படிக்கத் தொடங்குபவர்களில் பலர், தவறைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வரலாற்றை ஒழுங்கான வாசிப்பின் துணையோடு நெடுந்தூரம் தொடரலாம். ஆனால் ஆய்வாளராக விரும்பினால் நிலைமை வேறு. மூலச் சான்றுகளை எடைபோடும் பயிற்சியை ஆசிரியரிடம் பெறுவதே நல்லது. அந்தப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை, அந்தக் குறையை இன்றும் உணர்கிறேன்.

சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. இன்று கிராக்கி உள்ள துறையில் எல்லோரும் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் கழித்து ஒன்றாக வெளியே வரும்போது, வேலைகளைவிட ஆட்கள் பெருகி ஊதியம் இறங்கலாம். பொறியாளர்களிடையே இந்தச் சுழற்சி நிலவுவதைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970களில் விளக்கினார்.

முதலாண்டு எனக்குக் கசந்தது. தொடர்புப்போக்குக் கோடு ஒன்றை, அதாவது தரவுப் புள்ளிகளின் போக்கை ஒட்டிச் செல்லும் நேர்கோட்டை, கையால் கணக்கிடும்போது நான்காம் வரிசையில் ஒரு வர்க்கத்தைத் தவறாக எழுதிவிட்டு, இரவு முழுவதும் விடை ஏன் பொருந்தவில்லை என்று தேடியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில்தான், 1854இல் லண்டனில் காலராவால் இறந்தவர்களை மருத்துவர் ஜான் ஸ்னோ தெரு வரைபடத்தில் வீடுவாரியாகச் சிறு கோடுகளால் குறித்து, பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றி அவை குவிந்திருந்ததைக் காட்டிய வரலாற்றைப் படித்தேன். ஒவ்வொரு கோடும் ஓர் உயிர் என்று புரிந்த அன்று, நான் விட்டுவந்ததாக நினைத்த பாடமும் கையிலிருந்த பாடமும் ஒரே தாளில் கிடந்தன. ஈடுபாடு சில சமயம் அறிமுகத்துக்குப் பிறகுதான் வருகிறது; வராமலே போனவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே இரு பாடங்களின் இரண்டாம் ஆண்டுப் பாடநூல்களையும் வாங்கி, இரண்டு வாரம் தினமும் களைத்திருக்கும் மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பயிற்சி வினாக்களை எழுதிப் பாருங்கள். விடை தவறிய பிறகும் எந்த நூலை மறுநாள் தானாகக் கை எடுக்கிறது என்று கவனியுங்கள். அது வரலாறுதான் என்றால், ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று அது இட்டுச்செல்லும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, உங்கள் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள்.