மெக்கானிக்கல் கீபோர்டு: என் டைப்பிங்குக்கு எந்த சுவிட்ச் பொருந்தும்?

சுவிட்ச் என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக இருக்கும் சிறு பெட்டி. உள்ளே ஒரு தண்டும் ஸ்பிரிங்கும். சிவப்பு, பழுப்பு, நீலம் என்று அதன் வகைகளை நிறத்தை வைத்தே சொல்வார்கள். சாதாரண கீபோர்டில் ரப்பர் குமிழை அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும். செர்ரி நிறுவனத்தின் 'எம்எக்ஸ்' சிவப்பு சுவிட்சிலோ விசை கீழிறங்கும் 4 மி.மீ.யில் பாதியிலேயே, அதாவது 2 மி.மீ.யிலேயே, எழுத்து பதிவாகிவிடும். தேர்வுக்கான சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

சிவப்பு ஹார்மோனியக் கட்டைபோல வழவழவென்று இறங்கும். மென்மையான விரல்களுக்கும் கேமுக்கும் நல்லது. ஆனால் விரலை விசைமேல் சும்மா வைத்தாலே எழுத்து விழுகிறது என்பவர்களுக்கு அது தொல்லை. பழுப்பில் நடுவழியில் ஒரு சிறு தடை விரலுக்குத் தெரியும், ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது உணர்வோமே, அதுபோல. 'பதிந்துவிட்டது' என்று அது சொல்வதால் அடிவரை குத்தத் தேவையில்லை. நாள் முழுக்க எழுதுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நீலம், பட்டன் பேனாவின் 'டிக்'. பக்கத்தில் யாராவது தூங்கினால் வேண்டாம்.

முடிந்தால் கடையில் ஒரு முழுப் பத்தி அடித்துப் பாருங்கள்.

சிவப்பு சத்தமே போடாது என்று பலர் நம்புகிறார்கள். அதில் 'டிக்' ஒலிதான் கிடையாது, ஓங்கி அடித்தால் விசை அடியில் மோதும் 'டொக்' நன்றாகவே கேட்கும்.