கோயில் வாசலில் ஒரு கப்சாய்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை மூன்று வருடமாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு மலேசியாவில் பட்டர்வொர்த். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை, பாலம் தாண்டிப் போய் வருகிறேன். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பங்கில் தமிழ்ப் பாடகர் குழுவில் பாடியவர். போன வருடம் தவக்காலத்தில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு கோயிலில் எனக்கு வாய் திறக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். அழுகை வந்தாலாவது பரவாயில்லை, அதுவும் இல்லை. வருகைப் பாட்டு தொடங்கியதும் அம்மா குரல் எந்த இடத்தில் ஏறும் என்று காது தேடும். அவ்வளவுதான். செபம் என்று உள்ளே எதுவும் ஓடுவதில்லை.

செபக்குழுவில் ஒரு ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். "விசுவாசம் குறைஞ்சு போச்சும்மா. நாங்கல்லாம் ஆண்டவரை எவ்வளவு அனுபவிச்சிருக்கோம் தெரியுமா" என்றார். அம்மா இறந்தபோது ஏழு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டு வந்தவரும் அவர்தான். அதனால் பதில் பேசவில்லை.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் போகிறேன். பள்ளித் தோழி ஒருத்தி வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடிக்கிறாள், ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். பூசை முடிந்ததும் மாமாக் கடையில் ரொட்டி சானாய். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போகிறேனோ என்று தோன்றுகிறது. இது வேஷம் இல்லையா?

இன்னொன்று. என்னோடு வேலை செய்யும் தோழி இந்து. பெரிய வெள்ளிக்கு என் ஷிஃப்டை அவள் எடுத்துக்கொள்வாள், தைப்பூசத்துக்கு அவளுடையதை நான். இந்த ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு என்னோடு வந்தாள். மெழுகுவத்தி ஏற்றி, என்னைவிட அதிக நேரம் முட்டிபோட்டிருந்தாள். வெளியே வந்ததும் "உங்க அம்மாவுக்காக வேண்டிக்கிட்டேன்" என்றாள். நான் வேண்டிக்கொள்ளவே இல்லை ஐயா. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளை அழைத்துப் போனதே தப்பு என்கிறார் அதே ஆன்ட்டி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் பங்கின் பெயரையும் ஃபேக்டரி பெயரையும்கூட எடுத்துவிட்டேன். ரொட்டி சானாயை மட்டும் விட்டுவைத்தேன்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் தோழி அன்னம்மாள் கோயிலுக்கு வந்ததில் எந்தத் தப்பும் இல்லை. அது யாருக்கு யார் அனுமதி கொடுக்கிற இடம்? குன்றடியில் 1888-இல் எழும்பிய அந்தப் பழைய கோயிலைத் தொடக்கத்தில் நிரப்பியவர்களில் ஹாக்கா சீனர்கள் பலர். நாம் தமிழர்கள் மட்டும் சொந்தம் கொண்டாடுகிற இடம் இல்லை அது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் அந்த வட்டாரத்தைக் கறுப்புப் பகுதி என்று அறிவித்து ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். கோயில் ஓய்ந்து கிடந்த வருடங்கள் உண்டு. இன்றைக்கு 2002-இல் கட்டிய பெரிய கோயிலே ஜூலை 26-ஐ ஒட்டிய நாட்களில் கூட்டம் கொள்ளாமல் திணறுகிறது. பவனியில் மெழுகுவத்தி பிடித்து நடப்பவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆன்ட்டியிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்: அன்னம்மாள் என்ற பெயர் நான்கு நற்செய்தியில் எங்கும் கிடையாது. மரியாளுக்கு ஒரு தாய் இருந்திருப்பாளே, அவள் பிள்ளைக்கு ஏங்கியவளாக இருந்திருப்பாளே என்று 2-ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவந்த மரபு அது. ஜனங்களின் வாய்வழி நம்மிடம் வந்து சேர்ந்த பாட்டி அவர். பேரன் வீட்டு நண்பர்கள் வந்தால் பாட்டி "நீ யாரு, என்ன சாமி கும்பிடுறே" என்று விசாரித்துவிட்டா சோறு போடுவாள்?

இனி கஷ்டமான கேள்வி.

அன்னை தெரசாவுக்கும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் உள்ளே இருட்டாக இருந்தது என்று சொல்லி உங்களைத் தேற்றலாம். அது உண்மை. அவருடைய கடிதங்கள் வெளிவந்த 2007-லிருந்து பிரசங்கத்தில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதோடு, புனிதர்களின் இருட்டு வேறு, ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்ணின் இருட்டு வேறு. உங்களுக்கு இயேசுவின் சீடர் தோமாவைச் சொல்கிறேன். அவர் நம்ம ஆள், மயிலாப்பூர் வரை வந்தவர் என்று நம்புகிறோம்.

'சந்தேகத் தோமா' என்று அவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிவிட்டோம். யோவானின் நற்செய்தியில் அவர் அதற்கு முன்பே ஓரிடத்தில் வாய் திறக்கிறார். லாசர் இறந்த ஊருக்கு இயேசு கிளம்புகிறார், அங்கே போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்குகிறார்கள். நாமும் போவோம், அவரோடு சாவோம் என்று சொல்வது தோமாதான். கூட இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு 'நாமும்' என்றவர். சந்தேகப் பேர்வழி பேசுகிற பேச்சா அது? நண்பனுக்காக எதற்கும் துணிகிறவன் பேச்சு.

அப்படிப்பட்டவர், உயிர்த்தவர் வந்து போன அன்று அங்கே இல்லை. எங்கே போயிருந்தாரோ, யோவான் சொல்லவில்லை. திரும்பி வந்தவரிடம் மற்ற பத்துப் பேரும் "ஆண்டவரைக் கண்டோம்" என்கிறார்கள். கிரேக்கத்தில் 'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் படிக்கிறவனுக்குத்தான் அந்த 'கண்டோம்' சுருக்கென்று குத்தும். அது நாங்கள் கண்டோம். அதில் தோமா இல்லை. உங்கள் ஆன்ட்டி சொன்னாரே, "நாங்கல்லாம் அனுபவிச்சிருக்கோம்" என்று, அதே 'நாங்கள்'.

இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது இலக்கண வாத்தியார் அல்ல, மலாய் வாத்தியார். காமி என்றால் நாங்கள், கித்தா என்றால் நாம் என்றார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கித்தா என்றால் பால்மரம், அதாவது ரப்பர். "கித்தா மரத்துக்குக் கீழ கித்தா" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்து உருண்டது, எல்லாருக்கும் கையில் அடி விழுந்தது. மறக்குமா?

பத்துப் பேரும் அப்படிச் சொன்ன பிறகு தோமா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஆணித் தழும்பில் விரல் விட்டுப் பார்த்தாலொழிய நம்ப மாட்டேன் என்றார். சரி. அதற்குப் பிறகு? அடுத்த வசனமே எட்டு நாள் கழித்துத்தான் தொடங்குகிறது. கதவு பூட்டியிருக்கிறது, சீடர்கள் உள்ளே இருக்கிறார்கள், தோமாவும் அவர்களோடு இருக்கிறார்.

அந்த எட்டு நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் அதிகம் யோசித்தது அதைத்தான். நம்பாத ஒருவர், நம்பிய பத்துப் பேரோடு ஒரே வீட்டில். அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை. சாப்பிட்டிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள், காலையில் அவர்கள் சங்கீதம் பாடியபோது அவர் சும்மா நின்றிருப்பார். அவர் வேஷம் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. "நானும் கண்டேன்" என்று ஒப்புக்குச் சொல்லியிருந்தால் அது வேஷம். நீங்களும் அப்படி எதையும் சொல்லவில்லையே. பாடுவதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தால் உங்களிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

விசுவாசப் பிரமாணத்தை 'நம்புகிறேன்' என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் அதை 'நம்புகிறோம்' என்றுதான் எழுதினார்கள். வழிபாட்டில் சொல்லச் சொல்ல அது ஒருமையானது. ஆங்கிலப் பூசையில் சில பத்தாண்டுகள் பன்மையாக இருந்ததை 2011-இல் மறுபடி ஒருமைக்கு மாற்றினார்கள். அதற்கு இறையியல் காரணம் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்குப் பன்மைதான் பிடிக்கும். ஒரு வாரம் எனக்குச் சொல்ல வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் என் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். 'எங்கள் தந்தையே' இன்னும் பன்மையாகவே இருக்கிறது. அந்த 'எங்கள்' கடவுளை மட்டும்தான் எதிரே நிறுத்துகிறது. பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும், வாய் திறக்காதவர் உட்பட, இந்தப் பக்கம்.

2020-இல் மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் ஈஸ்டர் பூசையைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பாதர் நன்றாகத்தான் பிரசங்கம் வைத்தார், ஒலியும் தெளிவு. எனக்கு ஒட்டவே இல்லை. பின் பெஞ்சில் ஒரு தாத்தா எப்போதும் பாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் நேரத்தில் இருமுவார், பல வருடமாக எனக்கு எரிச்சல். அன்றைக்கு அந்த இருமலைக் காது தேடியது. உங்கள் காது அம்மா குரலைத் தேடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைச் செபம் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

என் அப்பாவைப் பற்றி இந்தத் தளத்தில் இதுவரை எழுதியதில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அன்றோடு அப்பா கோயிலுக்குள் உட்காருவதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, சாமி படத்தைக் கழற்றவில்லை. உட்காரவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய சிநேகிதர் ஒருவர் மண்டோராக, அதாவது தோட்டத்துக் கங்காணியாக இருந்தவர், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) முற்றிக் கண் போய்விட்டது. தோட்டத்திலிருந்து டவுன் கோயிலுக்கு ஐந்து மைல். ஞாயிறுதோறும் அப்பா அவரைக் கப்சாய் மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். கையைப் பிடித்து மூன்றாவது பெஞ்சில் உட்காரவைப்பார். பிறகு வெளியே வந்து மோட்டாருக்குப் பக்கத்தில் அங்சானா மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார். நற்கருணை நேரத்தில் மட்டும் உள்ளே போவார், சிநேகிதரைப் பீடம் வரை நடத்திப் போய்ப் பக்கத்தில் நிற்பார், வாங்கமாட்டார். ஒரு தடவை பாதர் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டு மண்டோரைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க அவமானம்.

ஆறு வருடம் இப்படி. மண்டோர் இறந்தார். அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு, இனி இவர் எங்கே போகப்போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வழக்கமான நேரத்துக்குக் கப்சாயை உதைத்துக் கிளப்பிவிட்டார். நானும் அம்மாவும் லாரியில் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் மோட்டார் மட்டும் நின்றது. அப்பா மூன்றாவது பெஞ்சில், மண்டோர் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அதுதான் அவர் இடம். பாடவே மாட்டார். 'எங்கள் தந்தையே' சொல்லும்போது அவர் உதடு அசைகிறதா என்று அம்மா பல வருடம் ஓரக்கண்ணால் உளவு பார்த்தாள். ஒரு நாள் அசைந்ததாகச் சொன்னாள். கொட்டாவியாக இருக்கும் என்றேன், முதுகில் ஒன்று வைத்தாள்.

ஏன் உள்ளே வந்தீர்கள் என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "அவன் எடம் காலியா இருந்துச்சு" என்றார்.

அவருக்கு விசுவாசம் வந்துவிட்டதா, அது சிநேகிதம்தானா என்று பிரித்துப் பார்க்க நானும் முயன்றிருக்கிறேன். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் தோழி அடிக்கிற ஹார்னையும் அப்படித்தான் பார்க்கிறேன். ரொட்டி சானாய்க்காகப் போகிறேனோ என்கிறீர்கள். போங்களேன்.

பெரிய வெள்ளி பற்றி ஒரு சின்ன விஷயம். சபா, சரவாக்கில்தான் அதற்குப் பொது விடுமுறை, நமக்கு இல்லை. ஆகவே உங்களைச் சிலுவைப் பாதைக்கு அனுப்பிவைப்பது அரசாங்கம் இல்லை, அந்த இந்துத் தோழிதான். உங்கள் அம்மாவுக்காக அவர் வேண்டிக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டாம். உங்கள் ஷிஃப்டை எடுத்துக்கொள்கிறவர், அன்றைக்கு இதையும் எடுத்துக்கொண்டார்.

ஆன்ட்டி மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஏழு நாள் சோறு என்ற வரியைப் படித்ததும் பாதி இறங்கிவிட்டது. அவர் வாயால் சொன்னதைவிட அந்தச் சோற்றுச் சட்டி நன்றாகப் பேசியிருக்கிறது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் காலியாகக் கொடுக்காதீர்கள், ஏதாவது செய்து போட்டுக் கொடுங்கள். விசுவாசப் பேச்சு எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், தோமாவும் எட்டு நாள் கேட்டிருப்பார்.

அந்த மாமாக் கடை எது என்று எழுதவில்லை. அடுத்த மாதம் பட்டர்வொர்த் பக்கம் வரவேண்டியிருக்கிறது, எழுதுங்கள்.