சிறகை வெட்டியவரே சொல்லிவிட்டார், கிளி யாருடையதென்று

கேள்வி:

ஐயா, எனக்கு 28 வயது, கோண்டாவிலில் இருக்கிறேன். 2023இல் கிளி வளர்க்கும் ஒருவரிடம் ஒரு சன் கொன்யூர் குஞ்சை 42,000 ரூபாவுக்கு வாங்கினேன். ஊசிக்குழாயால் தீத்தி வளர்த்தேன். அதன் பெயர் ‘சூட்டி’. விசில் அடித்தால் கைக்கு வந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் உள்ள வெங்காயத் தோட்ட வெளியில் பறக்க விடுவேன். அரை மணித்தியாலத்தில் தானே திரும்பி வரும். ஆடி மாதம் சோளகம் கடுமையாக வீசிய ஒருநாள் வல்லூறு துரத்தியதில் திசைமாறிப் போய்விட்டது. கண்டுபிடித்துத் தருபவருக்கு 10,000 ரூபா என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினேன். மூன்று கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது, இரண்டு ஒழுங்கை தள்ளி, எங்களுக்குச் சம்பந்த வழியில் உறவான ஓர் அண்ணை வீட்டில் எலிக்கூட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு சிறகையும் வெட்டிவிட்டார்கள். போய்க் கேட்டேன். "பறந்து வந்தது பிடிச்சவனுக்குத்தான். உன்ரை கிளி என்ரை முந்திரிகைப் (திராட்சை) பந்தலிலை நாலு குலையை நாசமாக்கினது, அதுக்கு முதல் 15,000 ரூபா தா" என்கிறார். கிளியைத் திருப்பி எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? தேசவழமையில் இதற்கு ஏதும் சொல்லியிருக்கிறதா? இனிமேல் பறக்க விடுவது குற்றமா? இன்னொன்று, தம்பி பனைப் பொந்தில் ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு பார்த்து வைத்திருக்கிறான். அதை எடுத்து வளர்க்கலாமா?

பதில்:

தம்பி, தேசவழமையை முதலில் ஒதுக்கி வைப்போம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த அந்த யாழ்ப்பாண வழமை இன்று நீதிமன்றத்துக்கு வருவது பெரும்பாலும் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), காணி விற்கும்போது பங்காளிக்கு இருக்கும் முன்னுரிமை ஆகியவற்றுக்காகத்தான். கிளிக்குப் போக வேண்டிய இடம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுப்போன கோட்டையை எல்லோரும் போய்ப் பார்க்கிறோம். விட்டுப்போன சட்டம் இப்படி ஏதாவது ஒரு கிளி தொலைந்தால்தான் கண்ணில் படுகிறது.

"பறந்து வந்தது பிடிச்சவனுக்கு" என்று அந்த அண்ணை சொல்வது முழுப் பிழை அல்ல, அரைவாசி சரி. காட்டு விலங்கும் பறவையும் எவருக்கும் சொந்தமில்லை, பிடித்தவருக்குச் சொந்தம், கைவிட்டுத் தப்பிப் பழைய சுதந்திரத்துக்குப் போய்விட்டால் அந்தச் சொந்தமும் போய்விடும். இது ரோமச் சட்டத்தின் பழைய விதி. ஆனால் 533இல் யுஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டப் பாடநூலில் அதே இடத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. புறாவும் மயிலும் இயல்பில் காட்டுப் பறவைகள்தான். ஆனாலும் போய்ப்போய்த் திரும்பி வரும் பழக்கம் இருக்கும் வரை அவை வளர்த்தவருக்கே சொந்தம். அந்தப் பழக்கம் அற்றுப்போனால்தான் பிடித்தவருடையது ஆகும். சட்டத்தரணிகள் இதை ‘அனிமஸ் ரெவெர்டென்டி’ என்பார்கள், திரும்பி வரும் எண்ணம் என்று பொருள். கோழியும் தாராவும் வேறு வகை. அவை கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போனாலும் உங்களுடையவைதான். சொந்தமாக்கிக்கொள்ள எடுத்தவர் கள்ளர்.

உங்கள் சூட்டி எந்த வகை? நான் வழக்குப் போட்டால் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைப்பேன். சன் கொன்யூர் தென்னமெரிக்காவின் வடபகுதிப் பறவை. கூட்டில் பிறந்து ஊசிக்குழாயில் வளர்ந்த ஒன்றுக்குக் கோண்டாவிலில் திரும்பிப் போக ஒரு காடும் இல்லை, ஆகவே அது கோழி மாதிரி என்பது முதல் வாதம். நீதவான் அதை ஏற்காவிட்டால், சரி, புறா மாதிரியே இருக்கட்டும், ஒரு வருடமாகத் தினமும் திரும்பி வந்த பறவை என்பது இரண்டாவது வாதம். வாசற்படலையைத் திறந்து விட்டுவிட்டுக் காத்திருந்தவர்தான் இந்த இரண்டாவது வாதத்தைச் சொல்ல முடியும். கூட்டிலேயே பூட்டி வளர்த்த கிளி ஒருநாள் தப்பினால், அதற்குத் திரும்பி வரும் பழக்கம் இருந்ததென்று காட்ட எதுவும் இராது. பறக்க விட்டதால் உரிமை போய்விட்டதோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். இந்த வாதத்தைப் பொறுத்தவரை பறக்க விட்டதுதான் உங்களுக்குக் கைகொடுக்கிறது.

எதிர்ப்பக்கம் என்ன கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மூன்று கிழமையாக வரவில்லையே, பழக்கம் அற்றுப்போய்விட்டதே" என்பார்கள். இங்கேதான் அந்த வெட்டிய சிறகு வருகிறது. சிறகை எதற்கு வெட்டினார்? வெட்டாவிட்டால் அது வீட்டுக்குப் போய்விடும் என்பதால்தானே? கிளிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தது என்று நாங்கள் சாட்சி தேடத் தேவையில்லை, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவரே அதை ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்தது முந்திரிகை. கிளி எவருடையதும் அல்ல என்றால் நாலு குலைக்கு உங்களிடம் ஏன் பணம் கேட்கிறார்? காகம் தின்றதற்கு உங்களிடம் வருவாரா? நட்டஈடு கேட்ட வாயாலேயே அது "உன்ரை கிளி" என்று சொல்லியும் விட்டார். அந்தச் சொல்லை எவர் முன்னால் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார் என்று இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஆனால் முந்திரிகைக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவரின் பிராணி இன்னொருவர் வளவுக்குள் போய்ப் பயிரைத் தின்றால், சொந்தக்காரரின் கவனயீனம் நிரூபிக்கப்படாவிட்டாலும் நட்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கு வகை ரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது, பெயர் ‘ஆக்ஷியோ டி பாஸ்டு’. ஆடும் மாடும் மேய்ந்ததற்காக வந்த சட்டம். கிளி கொத்தியதற்கும் அது பொருந்தும் என்று எவராவது வாதிட்டால் நான் சிரிக்க மாட்டேன். ஆனால் கிடைப்பது தின்றதன் பெறுமதி மட்டும். நாலு குலை முந்திரிகை சந்தையில் என்ன விலை போகும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது 15,000 ரூபா ஆகாது. மூன்று கிழமை தீன் போட்ட செலவையும் நியாயமாகக் கேட்டால் கொடுங்கள், பராமரித்தவருக்கு அந்த உரிமை உண்டு. நோட்டீஸில் போட்ட 10,000 ரூபாவோ, பிடித்தவுடன் கொண்டுவந்து தந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய பணம். சமாதானமாகத் தந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். சொன்ன சொல்லுக்கு ஊரில் ஒரு பெறுமதி இருக்கிறது, கோண்டாவிலில் நீங்கள் இன்னும் 50 வருடம் இருக்க வேண்டியவர்.

இனிச் சான்று. இதில் அவசரம் இருக்கிறது. வெட்டிய சிறகு நகம் போல அடியிலிருந்து நீளாது. பழைய இறகின் தண்டு உதிர்ந்த பிறகுதான் அந்த இடத்தில் புதிது முளைக்கும். ஒவ்வொன்றாக உதிர்ந்து முடிய மாதங்கள் ஆகும், முடிந்தபின் எவரும் வெட்டியதற்கு அடையாளமே இராது. ஆகவே சிறகை விரித்தபடி, வெட்டு முனை தெளிவாகத் தெரிய ஒரு படம் வேண்டும். நீங்கள் மதில் ஏறிப் போய் எடுக்காதீர்கள், அது அத்துமீறல், அவர் கையில் நல்ல ஆயுதமாகிவிடும். அந்த வீட்டுக்குப் போய்வரும் ஒருவர் எடுக்கலாம், அல்லது பொலிஸ் வரும்போது எடுக்கலாம். அவருடைய மகள் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "புதுக் கிளி" என்று படம் ஏதும் போட்டிருந்தால் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்த அன்று மாலையே பிடித்தாரா, பத்து நாள் கழித்தா என்பது மிக முக்கியம். அன்றே பிடித்திருந்தால் "பழக்கம் அற்றது" என்ற கதைக்கே இடமில்லை.

காலில் வளையம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டு இல்லாத முழு வளையம் என்றால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது. அந்த வளையத்தை ஏறத்தாழ 10 நாள் குஞ்சாக இருக்கும்போதுதான் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக் காலில் ஏற்ற முடியும், வளர்ந்த பறவைக்கு ஏறாது. ஆகவே கூட்டில் பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி, பொறித்த எண் விற்றவரின் பதிவோடு ஒத்துப்போனால் உங்கள் கிளி என்பதற்கும் சாட்சி. வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், இல்லாவிட்டால் விற்றவரிடம் ஒரு கடிதமாவது வாங்குங்கள். இது அந்த அண்ணைக்காக மட்டும் அல்ல. சன் கொன்யூர் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, இலங்கை 1979இலேயே அதில் சேர்ந்துவிட்டது. எங்கிருந்து வந்த பறவை என்று ஒரு அதிகாரி கேட்டால் காட்ட ஒரு கடதாசி வேண்டும். விசிலுக்குக் கைக்கு வரும் வீடியோக்கள் உங்கள் போனில் இருக்குமே? அவற்றை அழிக்காமல் இன்னொரு இடத்திலும் பிரதி வையுங்கள்.

நடக்க வேண்டிய வழி இது. முதலில் அவர் மறுத்துப் பேசத் தயங்கும் ஒருவரை, இரண்டு வீட்டுக்கும் மூத்த ஒரு மாமாவை அனுப்புங்கள். உறவுக்காரர் வழக்கில் பாதிக்குமேல் இங்கேயே முடிவதை நான் பார்த்திருக்கிறேன். மீதி இதைச் செய்யாததால்தான் என்னிடம் வருகிறது. அது பலிக்காவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம்: கிளியின் அடையாளம், வளைய எண், திருப்பித் தர ஒரு திகதி. இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிடித்தபோது யாருடையதென்று தெரியாது என்று அவர் சொல்லலாம், அது உண்மையாகக்கூட இருக்கலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவில் வரும் களவுக்கு உங்கள் உடைமையிலிருந்து எடுத்திருக்க வேண்டும், வானத்தில் பறந்த கிளி அப்போது யார் உடைமையில் இருந்தது என்று இழுபடும். 386ஆம் பிரிவு உங்களுக்குப் பொருத்தம், நேர்மையீனமாகக் கையாடல். கண்டெடுத்தது குற்றம் அல்ல, சொந்தக்காரர் யாரென்று தெரிந்த பிறகும் தனதாக்குவதுதான் குற்றம். கடிதம் கிடைத்த நாளிலிருந்து அவர் தெரியாதென்று சொல்ல முடியாது.

அதன் பிறகு பொலிஸ் முறைப்பாடு. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "கிளிக்கெல்லாம் முறைப்பாடோ" என்று சிரித்தால், 42,000 ரூபா பெறுமதியான ஆதனம் என்று சொல்லுங்கள், சிரிப்பு நின்றுவிடும். சிறிய விடயம் என்று மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள், அனுப்பினால் போங்கள். பொலிஸார் கிளியைக் கைப்பற்றினால் நீதவானுக்கு அறிக்கை செய்ய வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 431ஆம் பிரிவின்படி, உடைமைக்கு உரித்தானவரிடம் கையளிக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். வழக்கு முடியும் வரை பொலிஸ் நிலையத்தில் வைக்க அது துவிச்சக்கரவண்டி அல்ல, தீன் தின்னும் உயிர் என்று சொல்லி முதல் நாளே விண்ணப்பம் செய்யச் சொல்லுங்கள். நட்டஈட்டு வழக்கு என்றால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். எலிக்கூட்டில் அடைத்தது பற்றி 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சமாதானப் பேச்சில் அதை எடுக்காதீர்கள், உறவு வீட்டில் ‘வதை’ என்ற சொல் விழுந்தால் பிறகு மாமாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கிளியைப் பறக்க விடுவதற்கென்று தனியாக ஒரு குற்றம் இல்லை. அது செய்யும் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு, அவ்வளவுதான். சன் கொன்யூரின் சத்தம் எனக்குத் தெரியும், காலை ஐந்தரைக்குக் கத்தத் தொடங்கினால் ஒழுங்கை முழுக்க எழும்பும். அது பொதுத் தொல்லை முறைப்பாடாகப் போனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. திரும்பக் கிடைத்தாலும் புதுச் சிறகு முளைத்து முடியும் வரை வெளியில் விடாதீர்கள். சோளகம் ஓய்ந்த பிறகு விடுங்கள், முந்திரிகை பழுக்கும் மாதங்களில் வேறு பக்கத்து வெளிக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் தம்பியின் குஞ்சு. வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கூட்டையும் முட்டையையும் சேர்த்தே காக்கிறது. தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய கிளி பாதுகாக்கப்பட்டது. குஞ்சுப் பருவத்தில் அந்தத் திட்டு மங்கலாக இருக்கும், எந்தக் கிளி என்று உங்கள் தம்பிக்குத் தெரியாது, வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிக்குத் தெரியும். அதோடு நீங்கள் உங்கள் கிளியைக் கேட்டு நீதிமன்றம் போகும் நேரத்தில், வீட்டுக்குள் பொந்தில் எடுத்த கிளி ஒன்று இருந்தால் எதிர்ப்பக்கச் சட்டத்தரணிக்கு நான் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. குஞ்சு இப்போது பனையில்தானே இருக்கிறது? அங்கேயே இருக்கட்டும்.