மூச்சை ஊதினால் நுரையீரல் புற்றுநோய் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மேலூர் பக்கம் கல் குவாரியில் பல வருடம் வேலை பார்த்தவர். பீடி பழக்கம் இருந்தது, மூன்று வருடம் முன்பு விட்டுவிட்டார். இரண்டு மாதமாக இருமல் நிற்கவில்லை. ஆளும் மெலிந்துவிட்டார். ஸ்கேன் என்றாலே பயப்படுகிறார். பையில் மூச்சை ஊதினாலே நுரையீரல் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். மதுரையில் எங்கே செய்கிறார்கள்?
- மேலூர் வாசகி

பதில்: அந்தப் பரிசோதனையைத் தேடி ஒரு நாளைக்கூடச் செலவழிக்காதீர்கள், அம்மா. இந்த வாரமே அப்பாவை நெஞ்சக நோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், அதற்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. தோப்பூரிலும் நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனை உண்டு.

வீடியோவில் பார்த்தது முழுப் பொய் அல்ல. ரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது அதில் கரைந்திருக்கும் எளிதில் ஆவியாகும் பொருட்கள் மூச்சோடு வெளியே வருகின்றன. 1971-ல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர், மனித மூச்சில் ஏறத்தாழ 250 பொருட்கள் இருப்பதைக் காட்டினார். புற்றுநோய் செல்கள் உணவைப் பயன்படுத்தும் விதம் மாறிவிடுவதால், இவற்றில் சிலவற்றின் அளவு கூடலாம், குறையலாம். அதைக் கருவியால் பிடிக்க முடியுமா என்றுதான் ஆராய்ச்சி நடக்கிறது. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும், ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் அழற்சியை அளக்கவும் மூச்சுப் பரிசோதனைகள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன. நுரையீரல் புற்றுநோய்க்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? தேடும் பொருட்கள் காற்றில் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கும். காலையில் குடித்த காபி, விறகு அடுப்புப் புகை, பக்கத்தில் ஒருவர் பிடித்த பீடி, ஆஸ்பத்திரித் தரையில் தெளித்த மருந்து என எல்லாமே அதோடு கலந்துவிடும். ஒரு ஆய்வுக்கூடம் முக்கியம் என்று சொல்லும் பொருளை இன்னொரு கூடம் சொல்வதில்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. பல ஆய்வுகள், நோய் உறுதியானவர்களின் மூச்சை நல்ல ஆரோக்கியமானவர்களின் மூச்சோடு ஒப்பிடுகின்றன. நமக்கு வேண்டியது அதுவா? பல வருடம் பீடி குடித்து, நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும் நூறு பேரில் யாருக்குச் சின்னக் கட்டி இருக்கிறது என்று அல்லவா தெரிய வேண்டும்!

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உயிர் காக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட புகைப்பழக்கக்காரர்களிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கான முன்கூட்டிய சோதனை. உங்கள் அப்பாவுக்கு இருமலும் மெலிவும் வந்துவிட்டன. இனி அவருக்குத் தேவை, காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழுப் பரிசோதனை. அதற்கு நடுவில் யாராவது மூச்சை ஊதச் சொல்லி, ‘ஒன்றும் இல்லை’ என்று சீட்டு கொடுத்தால், அதை நம்பி நீங்கள் வீட்டில் இருந்துவிடுவீர்களே என்பதுதான் என் பயம்.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முதலில். நம் ஊரில் நீடித்த இருமலுக்குக் காசநோயும் முக்கியக் காரணம். குவாரித் தூசியில் உள்ள சிலிக்கா என்ற தாது காசநோய், புற்றுநோய் இரண்டின் ஆபத்தையும் கூட்டும். அதனால் அவர் பார்த்த வேலையைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நோயும் ஒன்றுபோலத் தெரியலாம். சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மாத்திரை ஆரம்பித்து, மாதக்கணக்கில் சாப்பிட்டும் குறையாமல், கடைசியில் புற்றுநோய் என்று தெரியவரும் நோயாளிகள் இருக்கிறார்கள். அந்த மாதங்கள் திரும்பி வராது. சளியில் கிருமி இல்லையென்றால், ‘அடுத்து சி.டி. எடுக்க வேண்டுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள். எக்ஸ்ரே சாதாரணமாக இருந்தாலும் இருமல் தொடர்ந்தால் அதே கேள்விதான். சி.டி.யில் கட்டி தெரிந்தால், குழாய் விட்டுப் பார்த்தோ ஊசி மூலமோ சிறிது சதை எடுத்துப் பரிசோதித்த பிறகே புற்றுநோயா என்று முடிவு செய்வார்கள். சளியில் ரத்தம் வந்தால், அதிகமாக மூச்சு வாங்கினால் வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்பாவிடம் ஸ்கேனைப் பற்றி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: படுத்துக்கொண்டு சில நொடி மூச்சை அடக்கினால் போதும், வலி இருக்காது. படம் தெளிவாகத் தெரிவதற்குச் சில சமயம் கையில் ஒரு ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். அவர் பயப்படுவது ஸ்கேனுக்கா, முடிவுக்கா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடிவுக்குத்தான் என்றால், இன்னும் எதுவும் உறுதியாகவில்லை, காசநோயாக இருந்தால் மாத்திரையிலேயே குணமாகும் என்று எடுத்துச் சொல்லுங்கள். புற்றுநோயாக இருந்தாலும் பரவுவதற்கு முன் தெரிந்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு.

போகும்போது முதல்வரின் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய மார்பு எக்ஸ்ரே கிடந்தால், மங்கியிருந்தாலும் பரவாயில்லை, கொண்டு போங்கள். இப்போது தெரியும் தழும்பு முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்று பார்க்க அது மருத்துவருக்கு உதவும்.