மலிவான யுகுலேலேக்கு நல்ல தந்தி போட்டால் சத்தம் தேறுமா?

கேட்டிருப்பது இதுதான்: காரைக்குடியில் இருக்கிறோம், கல்லூரியில் படிக்கும் மகள் யுகுலேலே (கிடார் போன்ற, நான்கு தந்தி உள்ள சின்ன வாத்தியம்) கேட்கிறாள், நாலாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்குவது? மலிவானதை வாங்கித் தந்தியை மட்டும் மாற்றினால் சத்தம் நன்றாகிவிடும் என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். தந்தியை மாற்றினால் நாதம் மாறும். ஆனால் சுருதியில் நிற்காத வாத்தியம் எந்தத் தந்தி போட்டாலும் நிற்காது. இது தெரியாமல் நான் ஒருமுறை காசை விட்டிருக்கிறேன்.

நான் பள்ளத்தூர்க்காரி. சில வருடங்களுக்கு முன் இணையத்தில் படத்தைப் பார்த்து, நீல நிறம் அழகாக இருக்கிறதே என்று ஒரு சின்ன யுகுலேலே வாங்கினேன். வந்த அன்றே பட்டாலையில் உட்கார்ந்து மீட்டினேன். வளவில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்து, "என்னடி இது, கொட்டானைத் தட்டுற மாதிரி இருக்கு?" என்றார். அப்பத்தா சின்ன வயதில் வீணை படித்தவர், காது கூர்மை. அவர் சொன்னது சரிதான், ஓலைக் கொட்டானைத் தட்டினால் என்ன கேட்குமோ அதுதான் கேட்டது.

உடனே தந்திமேல் பழியைப் போட்டு இரண்டு செட் வாங்கினேன். வாத்தியத்தின் விலையில் பாதி அதிலேயே போயிற்று. சத்தம் தெளிந்தது, மறுக்கவில்லை. ஆனால் எஃப் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடி) பிடித்தால் மட்டும் அப்படியே கசந்தது. சுருதி பார்க்கிற டியூனர் ஆப்பில் நான்கு தந்தியும் பச்சை காட்டும், விரலை வைத்ததும் சுருதி ஏறிவிடும். திருச்சியில் கிடார் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கழுத்தின் உச்சியில் தந்திகள் படிந்து போகிற வெள்ளைக் கட்டையைக் காட்டினார். நட் என்பார்கள். அதில் வெட்டியிருந்த காடிகள் ஆழம் பற்றவில்லை, தந்தி மேலே நின்றது. முதல் மெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் மெட்டுகள்) அழுத்தும்போது தந்தி அதிக தூரம் கீழே போய் இழுபடுகிறது, அதனால் சுருதி கூடுகிறது. ஊசி போன்ற அரத்தால் கொஞ்சம் ராவிவிட்டார், பத்து நிமிட வேலை. அதற்கப்புறம்தான் அது வாத்தியமாயிற்று.

அதனால் முடிந்தவரை கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். மதுரையோ திருச்சியோ, இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே. கடையில் சுருதி சேர்த்துத் தரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தந்தியையும் மூன்றாவது மெட்டில் அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேலே பாருங்கள். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் நல்லது, நன்றாகவே தெரிகிற இடைவெளி இருந்தால் என் நீல யுகுலேலேயின் கதைதான். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். திறந்த தந்தியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும், ஆப் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் தந்தியின் உயரம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் வலிக்காது. கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டுங்கள், மெட்டுக் கம்பிகளின் நுனி கீறக்கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சொப்ரானோ 21 அங்குலம், கான்சர்ட் 23, டெனர் 26, பாரிட்டோன் 30 அங்குலம் போல இருக்கும். வளர்ந்த பெண்ணின் விரல்களுக்குச் சொப்ரானோவில் மெட்டுகள் நெருக்கியடிக்கும். கான்சர்ட் வாங்குங்கள். பாரிட்டோனுக்குக் கிடாரின் மெல்லிய நான்கு தந்திகளின் சுருதிதான், அது வேறு வழி.

மரம் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். வீணையில் ஏகாண்டம் என்று ஒரே பலாக்கட்டையில் குடைந்ததற்குத் தனி மதிப்பு உண்டல்லவா, அதுபோல இங்கே முழுப்பலகையில் செய்த மேல்முகத்துக்கு மதிப்பு. நாதம் கூடுதல்தான். ஆனால் உங்கள் விலைக்குள் பெரும்பாலும் பிளைவுட் போல ஒட்டிய பலகைதான் கிடைக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பேன். நம் சித்திரை வெயிலின் வறட்சிக்கு முழுப்பலகை வெடித்தாலும் வெடிக்கும், ஒட்டுப்பலகை தாங்கும். எதுவானாலும் வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் என்னுடைய யுகுலேலேயில் தந்தி கட்டுகிற பிரிட்ஜ் கட்டை ஒரு பக்கம் பசை விட்டுத் தூக்கியிருந்தது. வெயில் பட்டால் வீணையில் மெட்டு பதித்த மெழுகு இளகும், இதில் பசை இளகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி தந்தி. மலிவான வாத்தியங்களோடு பெரும்பாலும் சாதாரண நைலான் வரும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் ஓயாமல் சுருதி பார்க்க வேண்டியிருக்கும். நல்ல நைலானுக்கு மெத்தென்ற குரல் உண்டு, கீச்சென்று கத்துகிற வாத்தியத்தை அது அடக்கும். அடுத்தது ஃப்ளூரோகார்பன். தூண்டில் நரம்பு செய்கிற அதே சரக்கு. நைலானைவிட அடர்த்தி அதிகம், அதனால் அதே சுருதிக்கு மெல்லிய தந்தி போதும். குரல் தெளிவாக, கொஞ்சம் நீண்டு நிற்கும், ஈரம் ஒன்றும் செய்யாது. மூன்றாவது, இத்தாலியின் அக்விலா கம்பெனி செய்கிற வெள்ளை நிற நைல்கட். அந்தக் காலத்தில் பூட்டிய குடல் நரம்பின் நாதத்தைச் செயற்கையாகக் கொண்டுவரச் செய்தது. சத்தம் பெரிது, தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். மந்தமான ஒட்டுப்பலகைக்கு நான் ஃப்ளூரோகார்பன்தான் போடுவேன். மார்ட்டின் கம்பெனியின் எம்600 செட் கான்சர்ட்டுக்குப் பொருந்தும். நைல்கட்டின் சத்தம் எனக்கு ஒரு சுற்று அதிகம், ஆனால் என் தங்கை அதைத் தவிர வேறு தொடமாட்டாள். கிடாருக்கான ஸ்டீல் தந்தியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த இழுப்பை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது, பிரிட்ஜே பெயர்ந்து வரும்.

வாங்கும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள்: பாட்டுக்கு கார்டு அடிக்கப் போகிறாளா, சுரம் வாசிக்கப் போகிறாளா? யுகுலேலேயின் சுருதி ஜி, சி, இ, ஏ. சி-யை ச என்று வைத்தால், அதாவது ஒரு கட்டை சுருதியில், இவை ப, ச, க, த. அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம். விரலே வைக்காமல் மீட்டினாலும் ரிஷபம் மட்டும் குறைகிற மோகனம்! அப்பத்தாவிடம் இதை வாசித்துக் காட்டிய அன்றுதான் கொட்டான் என்று சொல்வதை நிறுத்தினார். ஆனால் வழக்கமான செட்டில் மேலே இருக்கிற ஜி தந்தி மந்தரத்தில் (கீழ் ஸ்தாயியில்) இல்லை, சி-யைவிட உயர்ந்த சுருதியில் நிற்கிறது. கார்டு அடிக்கும்போது வருகிற அந்தக் கலகலப்பு இந்த மேல் ஜி தருவதுதான். சுரம் வாசிப்பவருக்கோ ச-வுக்குக் கீழே இறங்க இடமில்லை. அதற்கு லோ ஜி என்று தடித்த தந்தி தனியாக உண்டு, மந்தர பஞ்சமம் கிடைக்கும். அது நட் காடியில் உட்காராவிட்டால் காடியைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். கமகத்துக்கு வீணை அளவு எதிர்பார்க்காதீர்கள், இந்தத் தந்திகளை எவ்வளவு பக்கவாட்டில் இழுத்தாலும் சுரம் கொஞ்சம்தான் அசையும்.

தந்தி மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், பழையது எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே புதியதைக் கட்டலாம். பிரிட்ஜில் துளை இருக்கிற வகை என்றால், ஒலித்துளைப் பக்கமிருந்து தந்தியை நுழைத்துப் பின்னால் இழுத்து, கட்டைமேல் திருப்பி, தன் அடியிலேயே விட்டு, மிச்ச நுனியைக் கட்டையின் பின் விளிம்புக்குக் கீழே அமுங்கும்படி இன்னொரு முறை சொருகுங்கள். பூக் கட்டத் தெரிந்த விரலுக்கு இது பெரிய விஷயமில்லை. ஏ தந்தி மெல்லியது, வழுவழுப்பானது. அதற்கு மட்டும் ஒரு சுற்று கூடப் போடுங்கள். நான் அதைச் சோம்பேறித்தனமாகக் கட்டி முறுக்கிக்கொண்டே போனபோது, முடிச்சு நழுவி நுனி சவுக்கு மாதிரி அடித்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் நீலப் பெயின்டில் அரிசி அளவுக்கு ஒரு குழி, இன்னும் இருக்கிறது. இப்போது முறுக்கும்போது அந்த இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகிக்கொள்கிறேன்.

மேலே தந்தியை முறுக்குகிற குமிழில் இரண்டு மூன்று சுற்று விழுந்தால் போதும். சுருதிக்கு வந்ததும் தந்தியை நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், நாலைந்து தடவை. அப்படியும் மூன்று நாலு நாளைக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வாத்தியம் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம், தந்தி இன்னும் நீள்கிறது, அவ்வளவுதான். அடுத்து எப்போது மாற்றுவது என்றால், தந்தியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். மெட்டு படும் இடங்களில் பள்ளம் தட்டுப்பட்டால் காலம் முடிந்தது.

கழற்றிய தந்தியை எறிந்துவிடாமல் சுருட்டிப் பையிலேயே போட்டு வையுங்கள். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கூடிய பிறகு என் ஏ தந்தி அறுந்தது. அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பையின் மூலையில் கிடந்த பழைய கறுப்பு நைலானைக் கட்டித்தான் விடியும்வரை ஓட்டினேன்.