முள்ளெலியின் நகத்தைப் பிய்த்த வீல்: கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் திருமங்கலத்தில் இருக்கிறோம். மகள் வளர்க்கும் ஆப்பிரிக்க முள்ளெலிக்கு, மதுரையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் கூண்டுக்குள் அது ஏறி ஓடுவதற்கான வீல் (சக்கரம்) வாங்கினோம். எட்டு அங்குலக் கம்பி வீல். பெட்டியில் முள்ளெலிப் படம் போட்டு, ‘பாதுகாப்பானது’ என்று அச்சடித்திருந்தார்கள். அதே வாரம் ஒருநாள் காலையில் பார்த்தால் கம்பியெல்லாம் ரத்தம். பின்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து, விரல் வீங்கிக் கிடந்தது. வைத்தியத்துக்கு நாலாயிரம் ரூபாய் ஆனது. கடைக்காரரோ, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு பில்லுலயே இருக்கு, அளவு பார்த்து வாங்காதது உங்க தப்பு” என்கிறார். பணம் கிடைக்குமா? இனி எந்த மாதிரி வீல் வாங்குவது?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்குப் பெரிய பலம் அந்த அட்டைப்பெட்டி. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விற்பவர் எந்த வகையில் சொன்ன தரமாக இருந்தாலும் பொருள் அதற்குக் குறைந்தால் அதைக் குறைபாடு என்கிறது. முள்ளெலிக்குப் பாதுகாப்பானது என்று பெட்டியே சொல்கிறது. கம்பி இடைவெளியோ காலை வாங்கிவிட்டது. பெட்டியில் வெறும் வெள்ளெலிப் படம் இருந்திருந்தால் உங்கள் கேஸ் பலவீனம் என்றே சொல்லியிருப்பேன்.

பில்லில் இருக்கும் அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பிரிவு 2(47) அப்படித்தான் சொல்கிறது. ஆகவே நாளைக்கே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது.

வைத்தியச் செலவு தனிக் கணக்கு. ஒரு பொருளால் உங்கள் வேறு உடைமைக்குச் சேதம் வந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. சட்டத்தின் கண்ணில் முள்ளெலி உங்கள் உடைமை. வலிக்கிற ஒரு உயிரை அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடித்தமில்லை. ஆனாலும் இங்கே அந்தப் பார்வைதான் உங்களுக்குக் கைகொடுக்கிறது. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். யார் தயாரித்தது என்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரரே பதில் சொல்ல வேண்டும்.

வீலைக் கழுவாமல் அப்படியே எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி போட்டோ எடுங்கள். மருத்துவரிடம் ‘கம்பி இடுக்கில் சிக்கியதால் வரக்கூடிய காயம்’ என்று எழுதி வாங்க முடிந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அவர் அப்படிக் கருதினால் மட்டும்தான். எழுதித் தரும்படி நெருக்காதீர்கள்.

அப்புறம் கடைக்கு ஒரு பதிவுத் தபால் நோட்டீஸ். 15 நாள் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் அசையவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போட வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ‘ஒரு எலிக்காகக் கோர்ட்டுக்கா?’ என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். அதே வீல் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ!

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இது ஆப்பிரிக்க வகைதான் என்பதற்கு வாங்கிய ரசீது இருக்கட்டும். நம் தென்மாவட்டப் பொட்டல்காடுகளிலும் முள்ளெலி உண்டு. அதைப் பிடித்து வளர்க்கக் கூடாது. அப்படி வந்ததாக இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முதல் வேலை.

சரி, புது வீல். வளர்ந்த முள்ளெலிக்குக் குறுக்களவு 12 அங்குலமாவது வேண்டும். சின்ன வீலில் முதுகு வளைந்தபடியே ஓடும். ஓடுகிற தளம் முழுக்க மூடியிருக்க வேண்டும். கம்பியும் வேண்டாம், வலையும் வேண்டாம். தளத்துக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைந்தால் அதன் காலும் நுழையும். பிடிமானத்துக்கு உப்புத்தாள் ஒட்டி விற்பார்கள். அது பாதத்தைத் தேய்த்துப் புண்ணாக்கும். ஓடும் பக்கத்தில் குறுக்குச் சட்டம் இருந்தால் தலையில் இடிக்கும். ஓடிக்கொண்டே மலம் கழிக்கும் பிராணி இது, அதனால் தினமும் கழற்றிக் கழுவ வருவதாகப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓடும் என்பதால் அடிப்பாகம் கனமாக, ஆடாமல் நிற்க வேண்டும்.

பில் போடும்போது ‘முள்ளெலிக்கான வீல், 12 அங்குலம், மூடிய தளம்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். விரல் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை எந்த வீலும் கூண்டுக்குள் போக வேண்டாம்.