ஓர் உடலில் பல நோய்கள்: இருதயச் செயலிழப்புள்ள முதியோர் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: தந்தைக்கு 76 வயது. இருதயச் செயலிழப்புக்கு (இருதயம் போதியளவு இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) மருந்து எடுப்பவர், முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் குளிசைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குகிறார். இரண்டு கிழமைகளாகக் கால்கள் வீங்குகின்றன. வாதமாக இருக்குமோ?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாதத்தைத் தேடுமுன் அந்தக் குளிசையை நிறுத்தச் செய்யுங்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தவோட்டத்தைக் குறைத்து, உப்பையும் நீரையும் உடலில் தங்கச் செய்வதோடு, நீரை வெளியேற்றக் கொடுக்கப்படும் ஃபுரூசமைட்டின் வேலையையும் கெடுத்துவிடுகின்றன. வீக்கத்தோடும் மூச்சிரைப்போடும் வாட்டுக்கு வரும் முதியவர்களின் மருந்துப் பையில் இந்த வலிக்குளிசையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருவரும் அதை மருந்தென்று எண்ணி வைத்தியரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். வலிக்குப் பரசிட்டமோல் போதுமானதா என்று முதலில் பாருங்கள். ஆனால் நீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் உதவும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், நிறையை அளந்து எழுதுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால் கிளினிக் திகதிவரை காத்திருக்கலாகாது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றால் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இருதயச் செயலிழப்புக்கு எனலாப்ரில் தொடங்கியபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்த அளவு 1.2 இலிருந்து 1.4 ஆகிவிட்டது. சிறுநீரகம் பழுதாகுமென்று பயந்து நிறுத்திவிட்டோம். சிறுநீரகம் சுத்தமாகட்டுமென்று செவ்விளநீர் கொடுக்கிறோம்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அன்பினால் செய்திருக்கிறீர்கள்; ஆயினும் இரண்டுமே தவறு. இம்மருந்தைத் தொடங்கியதும் கிரியேட்டினின் 30 சதவீதம்வரை உயர்வது பெரும்பாலும் ஏற்கத்தக்கதே, உங்கள் தாயாருக்கு உயர்ந்தது அதற்கும் குறைவு. ஆகவே மீண்டும் தொடங்குவதுபற்றி இவ்வாரமே வைத்தியரிடம் கேளுங்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் மிகுதி. எனலாப்ரிலும், இருதயச் செயலிழப்புக்குக் கொடுக்கப்படும் மற்றொரு மருந்தான ஸ்பைரனோலாக்டோனும் அதனை உடலில் தேக்குபவை. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், மிதமிஞ்சிய பொட்டாசியம் இருதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். மருந்து மாறும்போதெல்லாம் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே பரிசோதியுங்கள்.

கேள்வி: நீரிழிவோடு இருதயச் செயலிழப்பும் எனக்கு உண்டு. புதிதாக டாபாகிளிப்ளோசின் தந்திருக்கிறார்கள். கந்தசஷ்டி விரதம் இருக்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: சர்க்கரையைக் குறைப்பதோடு இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்து அது, எனவே உங்களுக்கு ஏற்றதே. ஆனால் உண்ணாதிருக்கும்போதும், காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் உள்ளபோதும் அதனை எடுத்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்துண்டு. ஆறு நாட்களும் பட்டினியாக இருப்பதை நான் ஏற்கமாட்டேன். நாளுக்கு ஒரு நேரச் சைவ உணவோடு விரதமிருக்க விரும்பினால், எந்தக் குளிசையை எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய மருந்துகளில் பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவுக் குளிசை இருந்தால் அதையும் காட்டுங்கள். அது நீர் தேங்கச் செய்யும்.

கேள்வி: ஈமோகுளோபின் சரியாக இருந்தும் மாமியாருக்கு ஓயாத களைப்பு. முதுமைதானா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முதுமையென்று ஒதுக்காதீர்கள். இருதயச் செயலிழப்பில் இரத்தசோகை இல்லாமலும் இரும்புச்சத்துக் குறையலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்நோயில் இரும்புக் குளிசைகளால் பலன் சொற்பமே, இரத்த நாளம்வழி ஏற்றுவதே உதவுகிறது. தைரொயிட், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: மறதியுள்ள என் கணவர் இரவில் நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்பி, இருமுறை விழுந்துவிட்டார்.
– வாசகி, வத்தளை

பதில்: ஃபுரூசமைட்டின் இரண்டாம் வேளையை இரவில் கொடுக்கிறீர்களா? அப்படியானால் பிற்பகல் 2 மணியளவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். கிளினிக்குகள் எத்தனையானாலும், வீட்டிலுள்ள அத்தனை மருந்துகளையும், கஷாயம் உட்பட, ஒரே பையில் கொண்டுசெல்லுங்கள். குளிசைகளை அவர் கையில் விடாமல், கிழமைப் பெட்டியிலிட்டு நீங்களே எடுத்துக்கொடுங்கள்.